முதல் பட்டதாரி சான்றிதழ் திரும்பி வந்துடுச்சு: அண்ணன் டிப்ளமோ படிச்சா பட்டதாரியா?

கீழவீதிக்காரி
மே 16, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிச்சிருக்கேன். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் பதிவு பண்ணிக்கிட்டு இருக்கேன். ஊர் மயிலாடுதுறை பக்கம். அப்பா கொத்தனார், அம்மா நடவு வேலைக்குப் போறாங்க. எம்பிசி. அண்ணன் பாலிடெக்னிக் முடிச்சிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனியில இருக்கான். தங்கச்சி இந்த வருசம் பத்தாவது போறா.

வீட்டுல முதல் ஆளா டிகிரி படிக்கிறவங்களுக்குப் பீஸ்ல சலுகை உண்டுல்ல, அதுக்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில 60 ரூபா கட்டிப் போட்டேன். இன்னைக்குத் திரும்பி வந்திருக்கு. காரணம்: "உடன்பிறந்தவர் கல்வித் தகுதி தெளிவாக இல்லை." எங்க கிராமத்துல எல்லாரும் அண்ணனை இன்ஜினியர்னுதான் சொல்வாங்க. விஏஓ சார் யார்கிட்டயோ விசாரிச்சிருக்கார், அவங்களும் அப்படியே சொல்லிட்டாங்க போல. டிப்ளமோவும் பட்டம்தானா?

இன்னொரு சந்தேகம். நான் ஆறுலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு காலேஜ் சீட்டுல தர்ற 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்குக் கிடையாதுன்னு எங்க பள்ளிக்கூட சார் சொல்லிட்டார். காலேஜ் போற பொண்ணுங்களுக்கு அரசு மாசா மாசம் தர்ற புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் கிடையாதுங்கறார், நிஜமா? வேற என்னதான் இருக்கு? ஒரு வருசப் பீஸுக்கே அப்பா வட்டிக்குத்தான் வாங்கணும்.

—

சேவைமைய ஆள்
மே 16, இரவு 10:25

தங்கச்சி, பயப்படாதீங்க. டிப்ளமோ பட்டம் கிடையாது. பிஏ, பிஎஸ்சி, பிஇ மாதிரி படிச்சவங்கதான் பட்டதாரி. அண்ணன் டிப்ளமோவுக்கு அப்புறம் லேட்டரல் என்ட்ரியில, அதாவது நேரா ரெண்டாம் வருசத்துல, பிஇ சேர்ந்து பட்டம் வாங்கியிருந்தாலோ, அங்கே இந்தச் சலுகையை வாங்கியிருந்தாலோதான் உங்களுக்குச் சிக்கல்.

"ரிட்டர்ன்"னு வந்திருக்கா, "ரிஜெக்ட்"னு வந்திருக்கா, அதைப் பாருங்க. ரிட்டர்ன்னா அதே மனுவுல ஆவணம் சேர்த்துத் திருப்பி அனுப்பலாம், மறுபடி 60 ரூபா வேண்டாம். அண்ணனோட டிப்ளமோ சான்றிதழ், பாலிடெக்னிக் டிசி ரெண்டையும் ஸ்கேன் பண்ணிப் போடுங்க. போன்ல எடுத்த படம் வேண்டாம், நிழல் விழுந்து ஒண்ணும் தெரியாது. என் கடைக்கு வர்ற பத்து மனுவுல நாலு அப்படித்தான் வருது, கட்டில் மேல வச்சு எடுத்த படம், ஓரத்துல ஒரு கால் கட்டைவிரல்.

உதவி பெறும் பள்ளிக்குப் புதுமைப் பெண் உண்டு. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்போ அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்துச்சு. 2024-25-லேர்ந்து உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களையும் சேர்த்துட்டாங்க. உங்க சாருக்குப் பழைய கணக்கு ஞாபகத்துல இருந்திருக்கும். 7.5-க்கு அவர் சொன்னது சரி, அது அரசுப் பள்ளிக்கு மட்டும்தான்.

—

பழைய_கணக்குப்பிள்ளை
மே 17, காலை 6:10

முதலில் ஒன்று. கணக்குப்பிள்ளை பதவியை 1980-லேயே ஒழித்துவிட்டார்கள். நான் அதற்குப் பிறகு வந்த விஏஓ, ஓய்வு பெற்றுவிட்டேன். பெயர் வேடிக்கைக்கு.

விஏஓ மேல் கோபப்படாதே அம்மா. அவர் அறிக்கை போட்டு, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, பிறகு தாலுகா அலுவலகம் போகும். பின்னாடி யாராவது புகார் போட்டால் முதலில் கேள்வி வருவது விஏஓவிடம். அதனால் சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். நேரில் போய்ப் பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அண்ணனின் டிப்ளமோ சான்றிதழ் அசலைக் காட்டு. போனில் பேசி இதெல்லாம் தீராது.

கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கும். அதைப் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். "குடும்பம்" என்றால் அதில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டும் இல்லை. அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள் நான்கு பேரும் வருவார்கள். இறந்துபோயிருந்தாலும் பெயர் எழுதி, என்ன படித்தார்கள் என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் திரும்பி வரும். என் காலத்தில் ஒரு பையன் தாத்தா கட்டத்தில் "தெரியாது" என்று எழுதிக் கொண்டுவந்தான். தாத்தா படித்தாரா என்றே தெரியாது என்றால் முதல் பட்டதாரி என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

—

வரப்போரம்
மே 17, காலை 11:02

இந்தத் திட்டத்தையே திருத்தணும்ங்கறது என் கட்சி. 2010-11-ல கருணாநிதி ஆட்சியில கொண்டு வந்தப்போ நோக்கம் நல்லதுதான், மறுக்கல. ஆனா வருமான வரம்பே கிடையாது. எங்க ஊர்ல ரைஸ்மில்லு, ரெண்டு லாரி வச்சிருக்கிறவர். வீட்டுல எவனும் காலேஜ் பக்கம் போனதில்ல. அவர் பையனுக்கு வருசம் 25,000 தள்ளுபடி. அவன் பைக் விலை அதைவிட ஏழெட்டு மடங்கு. அதே ஊர்ல ஒரு கொத்தனாரோட மூத்த பொண்ணு இந்தச் சலுகையில படிச்சிட்டா, ரெண்டாவது பொண்ணுக்குக் கிடையாது. மூத்தவ வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே சின்னவளுக்குப் பீஸ் கட்டுற நேரம் வந்துடுது. வீட்டுல ஒரு பட்டம் வந்த உடனே வறுமை போயிடுமா?

கீழவீதிக்காரி, உங்களையே எடுத்துக்குங்க. நீங்க வாங்கிட்டா உங்க தங்கச்சிக்கு இல்ல. யோசிச்சீங்களா?

—

கீழவீதிக்காரி
மே 17, மதியம் 1:15

யோசிக்கல. நீங்க சொன்னப்புறம் சாப்பாடு இறங்கல. அவ என்னைவிட நல்லா படிப்பா.

—

சேவைமைய ஆள்
மே 17, மதியம் 2:30

வரப்போரம் அண்ணே, திட்டத்தைத் திருத்தறதைப் பத்தி சட்டமன்றத்துக்கு எழுதுங்க. படிக்கிற புள்ளையை ஏன் குழப்பறீங்க? தங்கச்சி காலேஜ் போக இன்னும் மூணு வருசம் இருக்கு. இப்ப கையில வர்றதை விட்டுட்டா அது சேமிப்பா இருக்காது, காணாமதான் போகும்.

—

வரப்போரம்
மே 17, மதியம் 2:51

குழப்பல. நான் அந்த ரெண்டாவது பொண்ணோட அண்ணன். அவ்வளவுதான்.

—

காலேஜ்_குமாஸ்தா
மே 17, இரவு 8:20

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு பார்க்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். வரப்போரம் சொன்னதில் நியாயம் இருக்கிறது, வருசா வருசம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால் தங்கைக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, டியூஷன் பீஸில் கழித்துக்கொள்வோம். பஸ், ஹாஸ்டல், "இதர கட்டணம்" எல்லாம் தனி. அட்மிஷன் அன்றைக்கே அந்த "இதர"வில் என்னென்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பவர்களுக்கு ஒரு தாளும் கேட்காதவர்களுக்கு ஒரு தொகையும் கொடுக்கிற இடங்கள் உண்டு.

புதுமைப் பெண் மாதம் 1,000, நேராக மாணவி வங்கிக் கணக்குக்கு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கள் வழியாக யூமிஸ் என்கிற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் பதிவாகும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) குறித்து வைத்துக்கொண்டு வாங்க. தம்பிகளுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு, மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தருகிற ப்ரகதி உதவித்தொகை இருக்கிறது. வருடம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம், உங்கள் தங்கைக்கு இது முக்கியம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் போட வேண்டும். மதிப்பெண் வரிசைப்படி என்பதால் எல்லாருக்கும் கிடைக்காது. வேறு அரசு உதவித்தொகை வாங்கவில்லை என்று அதில் உறுதி கேட்பார்கள், அதனால் போடுவதற்கு முன் உங்கள் கல்லூரியில் உட்கார்ந்து எது எதோடு ஒத்துப்போகும் என்று கேட்டுவிடுங்கள். அதே தளத்தில் பிளஸ் டூவில் போர்டு அளவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு வருடம் 12,000 தருகிற திட்டமும் உண்டு, வருமான வரம்பு 4.5 லட்சம்.

திட்டமெல்லாம் சொல்லிவிட்டேன். பணம் நின்றுபோவது பெரும்பாலும் தகுதியில் இல்லை, பெயரில். அதை நாளைக்கு எழுதுகிறேன், மகளுக்கு ஹோம்வொர்க் இருக்கிறது.

—

உசிலம்பட்டி_அம்மா
மே 18, காலை 7:45

குமாஸ்தா சார் பேரைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடுறேன். எம் பொண்ணு பிஎஸ்சி ரெண்டாம் வருசம். புதுமைப் பெண் பணம் கூடப் படிக்கிற புள்ளைகளுக்கெல்லாம் வந்துச்சு. இவளுக்கு எட்டு மாசமா வரல. காலேஜ்ல கேட்டா "பணம் ஏறியிருக்கு"ங்கிறாங்க. பேங்க்ல கேட்டா "எங்களுக்கு வரல"ங்கிறாங்க. பாஸ்புக்கை மூணு தடவ என்ட்ரி போட்டோம். பேங்க்ல உள்ள தம்பிக்கு என்னைப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடுவாப்ல.

கடைசியில என்னன்னா, போன வருசம் சிம் வாங்கப் போனப்ப அந்தக் கடையில விரல் வைக்கச் சொன்னாய்ங்க. ரெண்டு தடவ வச்சா. சிம்முக்குத்தான்னு நெனச்சோம். அது சிம் கம்பெனியோட பேங்க் கணக்காம். ஆதார் அதுல போயி ஒட்டிக்கிருச்சு. அரசாங்கப் பணம் எந்தக் கணக்குல ஆதார் கடைசியா இணைஞ்சிருக்கோ அங்கதான் போகுமாம். எட்டாயிரமும் அந்த போனுக்குள்ளேயே உக்காந்திருந்துச்சு! ஆறு மாசமா அது பழைய போன், டிஸ்பிளே போயி பீரோவுல கெடந்துச்சு.

எடுத்துட்டோம். முழுசா எடுத்தோம். ஆனா அந்த எட்டு மாசம் பஸ் பாஸுக்கு என் தோட்டை வச்சேன்.

—

காலேஜ்_குமாஸ்தா
மே 18, இரவு 9:10

அம்மா, நான் எழுத நினைத்ததில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். வங்கியில் "ஆதார் கொடுத்திருக்கேன்" என்று சொல்வது வேறு, அரசுப் பணம் வருவதற்கான இணைப்பு வேறு. இரண்டாவதை "சீடிங்" என்பார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் அப்படி இருக்கும். ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் எந்த வங்கி என்று காட்டும். கல்லூரியில் சேருவதற்கு முன்பே பாருங்கள். இணைப்பே இல்லை என்றால் வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள், அல்லது தபால்காரரிடம் சொல்லி அஞ்சலக வங்கியில் புதுக் கணக்கு ஆரம்பித்து அதிலேயே இணைக்கச் சொல்லுங்கள்.

பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு தலைவலி. போன வருடம் ஒரு மாணவி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை. வங்கியில் அப்பா பெயரை முழுசாகப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். போதாததற்கு "செல்வி"யை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் எஸ்-ல் ஆரம்பித்திருக்கிறார்கள், இன்னொரு இடத்தில் சிஹெச். கம்ப்யூட்டருக்கு அது மூன்று பெண்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு அந்த ஆதாரைக் கொண்டுபோய் வங்கியைத் திருத்துங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

—

நீலவானம்
மே 19, இரவு 11:48

பிஇ மூன்றாம் வருடம். எஸ்சி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படிக்கிறேன். இங்கே யாரும் அதைப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வருமான வரம்பு 2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பிரித்துக்கொள்கிறார்கள். மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் மத்திய அரசின் 60 வரும். அந்த 60 முன்பு மாதிரி கல்லூரிக்குப் போவதில்லை, நேராக என் கணக்குக்கு வருகிறது. பீஸும் என் படிப்புச் செலவுக்கான தொகையும் சேர்ந்தே வரும். தொழிற்படிப்பில் வீட்டிலிருந்து போய்வருபவருக்கு வருடம் 7,000, ஹாஸ்டலில் இருந்தால் 13,500. மீதி கல்லூரிக்கு. வந்த ஏழு நாளுக்குள் கட்ட வேண்டும்.

சொல்வது சுலபம். முதல் வருடப் பணம் இரண்டாம் வருடத்தில் வந்தது. அது வரும்போது அப்பா மருத்துவமனையில் இருந்தார். கணக்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம். வீட்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு பணத்தைப் போன் திரையில் பார்த்ததில்லை. நான் எடுக்கவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. அம்மா கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் கல்லூரியில் கட்டிவிட்டு ரசீதோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எல்லா வீட்டிலும் அது முடியாது. செலவழித்துவிட்ட நண்பன் ஒருவனுக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்தினார்கள். அவனை ஏமாற்றுக்காரன் என்று அலுவலகத்தில் சத்தமாகச் சொன்னார்கள்.

அட்மிஷனில் முழுப் பீஸ் கேட்டால் விடாதீர்கள். முன்பணம் வாங்காமல் சேர்ப்பதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்று மத்திய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் போட்டு மனு பதிந்து, அந்த எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் காட்டினால் பேச்சு கொஞ்சம் மாறும். அனுபவம்.

—

நேர்வழி
மே 20, காலை 10:00

எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தையே எதிர்பார்த்தால் எப்படி? கல்விக் கடன் வாங்கி, படித்து, வேலைக்குப் போய் அடைக்கலாமே. தன்மானத்தோடு இருக்கலாம்.

—

உசிலம்பட்டி_அம்மா
மே 20, காலை 10:20

தம்பி, கடன் குடுக்குற பேங்க் எதுன்னு சொல்லுங்க, நாளைக்கே வாறேன். மேனேஜர் எங்கூட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்டாரு. ஆடு மேய்க்கிறதுக்கு எந்த ஆடு சீட்டு குடுக்கும்?

—

பழைய_கணக்குப்பிள்ளை
மே 20, காலை 10:41

நேர்வழி, இது தன்மானக் கேள்வி இல்லை. ஏழையும் தீப்பெட்டி வாங்கினால் வரி கட்டுகிறான். இழையைத் திசை திருப்ப வேண்டாம்.

—

கீழவீதிக்காரி
ஜூன் 3, மாலை 6:30

சான்றிதழ் வந்துடுச்சு!!

ஐயா சொன்னபடி அப்பாவோட விஏஓ ஆபீசுக்குப் போனேன். அண்ணன் டிப்ளமோ சான்றிதழைப் பாத்ததும் "இதை முதல்லயே வச்சிருக்கலாம்ல"ன்னு மட்டும் கேட்டார். படிவத்தை அங்க எதிர்ல இருந்த டீக்கடை பெஞ்சுல உக்காந்துதான் திரும்ப எழுதினோம். அப்பாயி பேரு, தாத்தா பேரு அப்பா கடகடன்னு சொன்னார். அம்மாயி பேரு கேட்டப்போ நின்னுட்டார். கல்யாணம் ஆகி 24 வருசம், மாமியார் பேரு தெரியல. "ஆத்தா"ன்னே கூப்பிட்டிருக்கார். அம்மாவுக்குப் போன் போட்டோம், நடவுல இருந்தாங்க, எடுக்கல. அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டுச் சொன்னாங்க: அஞ்சலை. படிப்புங்கற கட்டத்துல நாலு பேருக்கும் "இல்லை", "இல்லை"ன்னு நான் எழுத எழுத அப்பா பாத்துக்கிட்டே இருந்தார். அவருக்கும் ஐந்தாம் வகுப்புன்னுதான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகா போட்டார்.

தங்கச்சி விஷயத்தை அவகிட்டயே சொன்னேன். "நீ முதல்ல போ, நான் 7.5-ல வர்றேன்"ங்கறா. அவ அரசுப் பள்ளி. ஆறாவதுலயே அவளை அங்க மாத்திட்டோம், எனக்குத்தான் அது தோணவே இல்ல.

—

வரப்போரம்
ஜூன் 3, இரவு 7:05

அப்படின்னா உங்க தங்கச்சிக்கு நீங்க வாங்குறதைவிட அதிகமாவே கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டுல டியூஷன் பீஸ், ஹாஸ்டல், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாத்தையும் அரசே கட்டுது. 2021-லேர்ந்து இன்ஜினியரிங்குக்கும் உண்டு. பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே இருக்கணும். நடுவுல யாராவது பிளஸ் ஒன்னுக்குத் தனியார் ஸ்கூல்ல சலுகைப் பீஸ்னு கூப்பிடுவாங்க. போயிடாதீங்க. எங்க வீட்டுல போனோம்.

—

கீழவீதிக்காரி
அக்டோபர் 21, இரவு 10:12

மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. திருச்சி பக்கம் ஒரு காலேஜ்ல சேர்ந்துட்டேன், இசிஇ. 25,000 கழிச்சாங்க. "இதர கட்டணம்" என்னன்னு எழுதிக் கேட்டேன், குமாஸ்தா சார் சொன்ன மாதிரியே முகம் மாறினாங்க, ஆனா தாள் குடுத்தாங்க. அதுல "பிளேஸ்மென்ட் பயிற்சி"ன்னு முதல் வருசத்துக்கே ஒரு தொகை. விருப்பம்னா கட்டலாம்னு சின்ன எழுத்துல இருந்துச்சு. கட்டல.

ஆதார் இணைப்பு பாத்தேன். எட்டாவது படிக்கிறப்போ பள்ளியில ஆரம்பிச்ச கணக்குல இருந்துச்சு, அந்தப் பாஸ்புக்கு எங்க வீட்டுலயே இல்ல. தபால்காரர் அண்ணன் வந்து புதுசு போட்டுக் குடுத்தார். போன வாரம் ஆயிரம் ரூபா வந்துச்சு. ப்ரகதிக்குப் போடலாமான்னு எங்க ஆபீஸ்ல கேட்டிருக்கேன், திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

—

புதுசு_2
அக்டோபர் 22, காலை 8:30

அக்கா, எங்க அக்கா டிகிரி சேர்ந்து ஒரே வருசத்துல நிறுத்திட்டாங்க, சலுகை எதுவும் வாங்கல. நான் முதல் பட்டதாரி கேக்கலாமா?

—

சேவைமைய ஆள்
அக்டோபர் 22, காலை 9:15

அக்காவோட டிசி கையில இருக்கா? அதுல எந்த வருசம் நிறுத்தினாங்கன்னு போட்டிருக்கும். முதல்ல அதைத் தேடி எடுங்க, மார்ச் மாசமே இ-சேவைக்கு வந்துடுங்க. மே மாசம் வந்தீங்கன்னா என் கடை வாசல்ல நிக்கவே இடம் இருக்காது.